கனடாச் சீனரும் நம் கடனும்

கனடா தேசத்தில் 2021-ம் வருஷம் எடுத்த ஜனக் கணக்கின்படி அங்கே வாழும் சீன வமிசத்தவர் சுமார் 17 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர். பசிபிக் கரையில் வான்கூவரை ஒட்டிய ரிச்மண்டு நகரில் பாதிக்கு மேற்பட்டோர் சீனர். கீழ்ப்பாகத்தில் டொராண்டோவுக்கு அடுத்த மார்க்கம் நகரிலும் பாதிக்குச் சற்றே குறைவு. இக்கணக்கைக் கண்டு அந்நாட்டில் ஒரு சாரார் கலங்குகின்றனர். அயலார் வீட்டுச் சச்சரவை வேடிக்கை பார்க்கும் ருசியோடு, "சீனன் அங்கேயும் நுழைந்துவிட்டான்" என்று நம்மவரிலும் சிலர் பேசி வருகின்றனர். எல்லையில் சீன ராஜாங்கத்தோடு நமக்கு வழக்குத் தீராதிருக்கையில் இப்பேச்சுக்குச் செவி கொடுப்போர் அதிகம் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் ஒரு ராஜாங்கத்தின் மீதுள்ள கோபத்தை ஒரு ஜாதியார் முழுவதன்மீதும் இறக்கி வைப்பது நியாயமுமாகாது, விவேகமுமாகாது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவின் சட்டப் புத்தகங்களே சாட்சி. நம்முடைய சட்டப் புத்தகங்களும் சாட்சியென்பதைப் பின்னர்க் கூறுவோம்.

சீனர் கனடாவுக்கு நேற்று வந்தவரல்லர். 1858-ல் பிரேசர் நதிக்கரையில் பொன் அகப்படுகிறதென்று கேள்விப்பட்டு வந்தவர் முதல் கூட்டத்தார். அதற்கப்பால், கடலுக்குக் கடல் ரயில் போடவேண்டுமென்று கனடா சர்க்கார் உறுதி செய்தபோது, மேற்கு மலைகளில் பாறையைப் பிளந்து பாதை வெட்டும் வேலைக்குத் தென்சீனத்திலிருந்து சுமார் 15,000 பேரைக் கண்டிராக்டர்கள் தருவித்தனர். அவர்களுக்குக் கொடுத்த கூலி, அதே வேலையைச் செய்த வெள்ளைத் தொழிலாளியின் கூலியில் ஏறக்குறைய பாதி. வெடி விபத்திலும் பாறைச் சரிவிலும் நோயிலும் மாண்டவர் 600-க்குக் குறையார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1885 நவம்பர் 7-ந் தேதி கடைசி ஆணியை அறைந்தபோது எடுத்த புகைப்படம் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். கனவான்களும் வேலையாட்களும் கூடி நிற்கும் அப்படத்தில் சீன முகம் ஒன்றேனும் தென்படவில்லை.

ஆணி அறைந்த அதே வருஷத்தில்தான் கனடாப் பார்லிமெண்டு சீனர்மீது தலைவரி விதித்தது. கரையிறங்கும் ஒவ்வொரு சீனனும் 50 டாலர் செலுத்தவேண்டும். அது 1900-ல் 100 டாலராயிற்று. 1903-ல் 500 டாலராயிற்று. ஒரு கூலியாளின் இரண்டு வருஷச் சம்பாத்தியம்! வேறெந்தத் தேசத்தாருக்கும் இவ்வரி கிடையாது. 80,000-க்கு மேற்பட்ட சீனர் இதைச் செலுத்தினர். சர்க்கார் பொக்கிஷத்துக்குச் சுமார் 2 கோடி 30 லட்சம் டாலர் சேர்ந்தது. வரி செலுத்தி வந்தவன் வருஷக்கணக்கில் கடன் அடைத்தான். மனைவிக்கும் மக்களுக்கும் அதே வரியைக் கட்டி அழைத்துக்கொள்ள அவனால் இயலவில்லை. "இவர்கள் குடும்பமாய் வாழத் தெரியாதவர்கள், ஆண்கள் மட்டும் கூடிக் கிடக்கிறார்கள்" என்று பழி கூறியவர்களும், அந்த வரியை விதித்தவர்களும் ஒரே கூட்டத்தார்தாம்.

இவ்வளவும் போதாதென்று, 1923-ல் வரியை எடுத்துவிட்டுக் கதவையே சாத்தினர். வியாபாரி, மாணாக்கர், ராஜதந்திரி முதலிய சில வகுப்பினரைத் தவிர வேறு சீனர் எவரும் வரக்கூடாதென்ற அச்சட்டம் அமுலுக்கு வந்த தினம் ஜூலை 1. அதுவே கனடாவின் தேசியத் திருநாள். அந்நாளைச் சீனர் அவமான தினமென்று பெயரிட்டுக் கடைகளை அடைத்தனர். அடுத்த 24 வருஷங்களில் உள்ளே வந்த சீனர் ஐம்பது பேருக்கும் குறைவென்று கணக்கிடுகின்றனர். ஒரு தலைமுறைக் காலம் புருஷன் ஒரு கரையிலும் மனைவி மறு கரையிலுமாகக் கிடந்தனர்.

சட்டத்தொழிலில் பழகியவர் என்ற முறையில் ஒரு வழக்கை இங்கே நினைவூட்டுகிறோம். சஸ்காச்சவான் மாகாணம் 1912-ல், சீனர் தம் கடைகளில் வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாதென்று ஒரு சட்டம் செய்தது. மூஸ் ஜா என்னும் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குவாங் விங் என்பவர் இதன்கீழ்த் தண்டிக்கப்பட்டார். அவர் கனடாவின் பிரஜையுரிமை முறைப்படி பெற்றவர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1914-ல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தனர். நீதிபதி ஐடிங்டன் ஒருவரே மாறுபட்டார். பிரஜையாகிவிட்டவனைப் பிறப்பைக் காட்டிப் பிரித்து வைக்கலாகாதென்பது அவர் கட்சி. சட்டத்தின் நோக்கம் பெண்களைப் பாதுகாப்பது என்று பெரும்பான்மையோர் சமாதானம் கண்டனர். ஒரு வகுப்பாரைத் தாழ்த்த விரும்புவோருக்கு வேறொரு வகுப்பாரின் பாதுகாப்பு எப்பொழுதும் கைவசமுள்ள சாக்காகும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ சீனருக்கு வோட்டுரிமையே இல்லை. வோட்டர் ஜாபிதாவில் பெயரில்லாதவன் வக்கீலாகவும் முடியாது. கனடாவில் முதன்முதல் ஒரு சீனர், கியூ டாக் யிப், வக்கீலாகப் பதிவானது 1945-ம் வருஷத்தில்.

இதெல்லாம் சீனர் கதைதானே, நமக்கென்ன என்பாரும் உளர். அதே கதவுதான் நமக்கும் சாத்தப்பட்டது. இந்தியர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரஜைகளாகையால் அவர்கள்மீது பகிரங்கமாக வரி போட லண்டன் சம்மதியாது. எனவே 1908-ல் வேறொரு தந்திரம் செய்தனர். பிறந்த தேசத்திலிருந்து இடைவிடாமல் ஒரே பிரயாணமாய் வந்தவனே இறங்கலாமென்று விதித்தார்கள். இந்தியாவிலிருந்து அவ்விதம் பிரயாணச் சீட்டுக் கிடைக்கவும் வழியில்லாமற் செய்தார்கள். 1914 மே மாதத்தில் ஹாங்காங்கிலிருந்து 376 இந்தியரோடு வான்கூவர் சேர்ந்த கோமகட்டா மாரு கப்பல், இரண்டு மாதம் துறைமுகத்திலேயே காவலில் கிடந்து, சொற்பப் பேரை மட்டும் இறக்கிவிட்டுத் திருப்பியனுப்பப்பட்டது. வங்காளக் கரையில் பஜ்பஜ்ஜில் இறங்கியவர்களை அன்றைய அன்னிய சர்க்காரின் துப்பாக்கி வரவேற்றது. சீனருக்குத் தலைவரி, நமக்குக் கப்பல் விதி. பூட்டு ஒன்றே, சாவி இரண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனருக்கும் இந்தியருக்கும் வோட்டுரிமை கிடைத்ததும் ஒரே வருஷத்தில்தான், 1947-ல். இரண்டாவது மகாயுத்தத்தில் சுமார் 600 கனடாச் சீன இளைஞர், வோட்டுரிமையில்லாத நிலையிலேயே பட்டாளத்திற் சேர்ந்தனர். மலேயாக் காடுகளில் ஜப்பானியர் வியூகத்துக்குப் பின்னே இறங்கியவரும் அவர்களில் உண்டு. அதற்குப் பிறகு அவர்களை அன்னியரென்று சொல்ல எவருக்கும் நாவெழவில்லை.

1923 சட்டம் 1947 மே மாதத்தில் ரத்தாயிற்று. அச்சட்டம் நிறைவேறியபோது பிரதம மந்திரியாயிருந்த மக்கென்ஸி கிங்கே அதை ரத்துச் செய்தபோதும் பிரதம மந்திரி. ஆனால் கிழக்குத் தேசத்தார் பெருவாரியாய் வந்தால் கனடா ஜனத்தொகையின் அடிப்படை அமைப்பே மாறிவிடும், அதை ஜனங்கள் விரும்பவில்லை என்று அதே மே மாதத்தில் அவர் பார்லிமெண்டில் தெரிவித்தார். எனவே மனைவியும் சிறு குழந்தைகளும் வரலாம், பிறர் வரலாகாது. தேசத்தைப் பாராமல் கல்வி, தொழில், பாஷைப் பழக்கம் இவற்றுக்கு மார்க்குப் போட்டு ஆளெடுக்கும் முறை 1967-ல்தான் வந்தது. இன்று ரிச்மண்டிலும் மார்க்கத்திலும் காணும் பெருக்கத்தின் மூலகாரணம் அந்த மார்க்கு முறை. பலஜாதியாரும் தத்தம் பண்பாட்டோடு ஒரே தேசமாய் வாழ்வதே தங்கள் கொள்கையென்று 1971-ல் பிரதம மந்திரி ட்ரூடோ பிரகடனம் செய்தார். 1988-ல் அது சட்டமாயிற்று. ஹாங்காங்கைச் சீனத்திடம் ஒப்படைப்பதென்ற 1984 உடன்படிக்கையும், 1989-ல் பீகிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த படுகொலையும் ஹாங்காங் மத்திய வகுப்பாரைப் பதினாயிரக்கணக்கில் வான்கூவருக்கும் டொராண்டோவுக்கும் விரட்டின. கம்யூனிஸ்டுச் சீனத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர்களை அந்தச் சீனத்தின் கையாட்கள் என்று சந்தேகிப்பதைப்போல் விநோதம் வேறில்லை.

விருந்தினராய் வந்தவர் சரி, வீட்டுக்காரராய் வந்தவர் பொறுக்கவில்லை என்பது மனித சுபாவம் போலும். 1979-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி, சர்வகலாசாலைகளில் வெளிநாட்டார் வந்து கனடியரின் இடத்தைப் பறிக்கிறார்களென்று கூறி, வகுப்பறையில் சீன முகங்களைக் காட்டிற்று. காட்டப்பட்டவர்களோ கனடாப் பிரஜைகள்! பல நகரங்களில் கிளர்ச்சி நடந்தது. அடுத்த வருஷம் கம்பெனியார் மன்னிப்புக் கேட்டனர். முகத்தைக் கொண்டு பிரஜையைத் தீர்மானிக்கும் இப்பழக்கம் 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது மறுபடியும் தலைதூக்கிற்று. டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவர்களும் வீதியில் ஏச்சுக் கேட்டனர்.

குறை கூறுவோருடைய வாதம் முழுவதும் வெறும் துவேஷமென்று நாம் சொல்லவில்லை. வான்கூவரில் வீட்டு விலை சாதாரணச் சம்பளக்காரனுக்கு எட்டாத உயரம் போயிற்று. வெளிநாட்டுப் பணம் அதற்கொரு காரணம் என்பதும் பொய்யல்ல. 2016-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சர்க்கார் வீடு வாங்கும் வெளிநாட்டாருக்கு 15 சதவிகித வரி போட்டார்கள். வாங்குபவர் கனடாவின் பிரஜையா, நிரந்தரமாய்க் குடியேறியவரா என்பதை அவ்வரி பார்த்தது. எந்த வமிசத்தவர் என்று பார்க்கவில்லை. 1885-ன் வரிக்கும் 2016-ன் வரிக்கும் உள்ள பேதம் இதுவே. கனடா கற்ற பாடம் இந்தப் பேதத்திலேதான் இருக்கிறது.

சீன ராஜாங்கம் கனடாவின் தேர்தல்களில் கைவைத்ததாக எழுந்த புகார் இதைவிடக் கடுமையானது. அதை விசாரித்த நீதிபதி ஹோக் கமிஷன் 2025 ஜனவரியில் கடைசி அறிக்கையை வெளியிட்டது. அன்னியத் தலையீடு நடந்தது உண்மை. சில தொகுதிகளில் அதன் பாதிப்பு இருந்திருக்கலாம். ஆனால் எந்தக் கட்சி மந்திரிசபை அமைப்பது என்பதை அது மாற்றவில்லை என்பது முடிவின் சாரம். அதில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. இத்தலையீட்டினால் முதலில் அடிபட்டவர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய சமூகத்தாரே. பார்லிமெண்டு மெம்பர் மைக்கேல் சாங்கை எடுத்துக்கொள்க. இவர் தந்தை ஹாங்காங்கிலிருந்து வந்தவர். சீன ராஜாங்கத்தைக் கண்டித்துப் பேசியதற்காக இவரும், ஹாங்காங்கிலுள்ள இவர் உறவினரும் குறிவைக்கப்பட்டதாகத் தகவல் வெளியாகி, 2023 மே மாதத்தில் ஒரு சீன ராஜதந்திரியைக் கனடா வெளியேற்றிற்று. இத்தகையவரையும் முகத்தைப் பார்த்துச் சந்தேகித்தால், பீகிங் அவரை ஒருமுறை அடிக்க, ஒட்டாவா மறுமுறை அடித்ததாகும். செய்கையைத் தண்டிக்கட்டும்; அன்னிய ராஜாங்கத்துக்காக வேலை செய்பவன் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 2024-ல் செய்த சட்டம் அந்த வழிப்பட்டது. அது எல்லாத் தேசத்துக்கும் பொதுவானது, ஆகையால் ஆட்சேபத்துக்கிடமில்லை.

தமிழர் இவ்விஷயத்தில் நடுநிலைமை வகிக்க முடியாது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஈழத்தமிழரும் சீனரும் அடுத்தடுத்த வீதிகளில் வாழ்கின்றனர். 1999-ல் பூக்கியேன் மாகாணத்துச் சீனர் 599 பேர் நான்கு ஓட்டைக் கப்பல்களில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரை சேர்ந்தபோது எழுந்த கூக்குரலும், 2010-ல் ஸன் ஸீ என்ற கப்பலில் ஈழத்தமிழர் 492 பேர் அதே கரைக்கு வந்தபோது எழுந்த கூக்குரலும் ஒரே ஸ்வரத்தில் அமைந்தவை. நமக்கு வந்தபோது கண்ணீர் விட்டு, சீனனுக்கு வந்தபோது கை கொட்டுவது என்ன நியாயம்?

கனடா மன்னிப்புக் கேட்ட விதத்தையும் சொல்லவேண்டும். தலைவரியைத் திருப்பித் தரவேண்டுமென்று வரி செலுத்தியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் போட்ட வழக்கை ஒன்டேரியோ அப்பீல் கோர்ட்டு 2002-ல் தள்ளிவிட்டது. அன்று அது சட்டம், ஆகவே இன்று பரிகாரமில்லை என்பது தீர்ப்பின் சுருக்கம். கோர்ட்டு கைவிட்ட இடத்தில் பார்லிமெண்டு கைகொடுத்தது. 2006 ஜூன் 22-ந் தேதி பிரதம மந்திரி ஹார்ப்பர் சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்த வரி செலுத்தியவர்களுக்கும், இறந்தவர்களின் கைம்பெண்களுக்கும் ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள மிஞ்சியிருந்த கிழவர்கள் மிகச் சிலரே. கோமகட்டா மாருவுக்காக 2016 மே மாதத்தில் ட்ரூடோவின் புதல்வர் அதே சபையில் மன்னிப்புக் கேட்டார். யுத்தகாலத்தில் ஜப்பானிய வமிசத்தவரை முகாம்களில் அடைத்ததற்கு 1988-லேயே கேட்டாகிவிட்டது. இதனால் கனடாவுக்கு எந்த மதிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கோமகட்டா மாருப் பிரயாணிகள் சுடப்பட்ட பஜ்பஜ்ஜுக்கு அருகே அச்சிப்பூர் என்று ஓர் ஊர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்த சீனர் ஒருவரின் பெயரால் ஏற்பட்டது. அக்காலந்தொட்டு இந்நாட்டில் சீனர் வாழ்ந்திருக்கின்றனர். கல்கத்தாவில் தோல் பதனிட்டனர்; செருப்பும் மர சாமான்களும் செய்தனர். அஸ்ஸாமில் தேயிலைப் பயிர் தொடங்கிய நாளில் அதைக் கற்றுக்கொடுக்க வந்தவரும் சீனரே. சென்னைவாசிகள் சீனப் பல் வைத்தியர்களைத் தலைமுறையாக அறிவர்.

1962 அக்டோபர் 20-ந் தேதி சீனப் படை நம் எல்லையைக் கடந்தது. அது ஆக்கிரமிப்பு; அதில் இருவேறு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பத்தே நாட்களில் நம் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்கள். தானோ, தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ எக்காலத்திலேனும் சத்துரு தேசத்தின் பிரஜையாக இருந்தாற் போதும், அன்னியர் சட்டம் அவன்மீது பாயும். பாட்டனைக் கொண்டு பேரனைச் சிறைப்படுத்தும் இந்தச் சட்டம் சஸ்காச்சவானின் சட்டத்தையும் விஞ்சியது. சுமார் 3,000 பேர், கிழவரும் கைக்குழந்தையும் உட்பட, பெரும்பாலும் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், விசாரணையின்றி ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். அஸ்ஸாமின் மாகும் ஊராருக்கு அது ஒரு வாரப் பிரயாணம். 1962 நவம்பர் 21-ந் தேதி சண்டை ஓய்ந்தது. முகாம் ஓயவில்லை, சிலர் நான்கு வருஷத்துக்கு மேலும் உள்ளே இருந்தனர். 1963-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சீனத்துக்குக் கப்பலேறினர். அவர்கள் ஏறிய துறைமுகம் நமது சென்னை. சீனத்தைக் கண்ணால் கண்டறியாதவர் அவர்களில் பலர். எஞ்சி வீடு திரும்பியவரில் பலருக்கு வீடுமில்லை, கடையுமில்லை, ஏலத்தில் போயின.

தேவ்லி என்ற பெயர் தேசிய இயக்கத்தாருக்குப் புதிதன்று. 1941-ல் ஜெயப்பிரகாச நாராயணரும் தோழர்களும் விசாரணையின்றி அடைபட்டு உண்ணாவிரதமிருந்த முகாம் அதுவே. விசாரணையற்ற காவலை எதிர்த்தே வளர்ந்த ஓர் இயக்கத்தின் கைக்கு அதிகாரம் வந்து பதினைந்து வருஷத்தில், அதே முள்வேலிக்குள் செருப்புத் தைப்பவரையும் தேயிலைக் கொழுந்து கிள்ளுபவரையும் கொண்டுபோய் அடைத்தோம். அன்றைய பத்திரிகைகளில் எத்தனை இதைக் கண்டித்து எழுதின? எங்கள் தொழிலினருக்கும் இதில் பங்குண்டு.

விடுதலையானவர்களில் பலர் பின்னர் கனடாவுக்கே சென்றனர். டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். ஹிந்தியும் வங்காளியும் பேசுகின்றனர். 2021-ம் வருஷக் கணக்கில் வந்த 17 லட்சத்தில் அவர்களும் சேர்த்தி. அப்பெருக்கத்தில் ஒரு சிறு பகுதி நாம் துரத்தியதால் உண்டானது. தேவ்லிக் கைதிகள் என்ற பெயரிலேயே ஒரு சங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017-ல் ஒட்டாவாவில் நம் ஹைகமிஷன் வாசலில் வந்து நின்று அவர்கள் கேட்டது பணமன்று, ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைச் சொல்வதற்கு இந்திய சர்க்காருக்கு இன்னும் வாய் வரவில்லை. சீன ராஜாங்கத்துக்கு இது பலவீனமாகத் தோன்றுமே என்று ஆட்சேபிப்பார்கள். பீகிங்கிடம் கேட்கச் சொல்லவில்லை. கல்கத்தாவிலும் மாகுமிலும் பிறந்தவர்களிடம் கேட்கச் சொல்லுகிறோம். அவர்கள் நம்மவர். முகாமில் அடைபட்டோரின் ஜாபிதாவையும், ஏலத்தில் விற்ற சொத்துக் கணக்கையும் உள்நாட்டு இலாகா வெளியிடட்டும். லோக்சபையில் பிரதம மந்திரியே ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். அதற்கு ஒரு நாள் போதும், சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. கனடா தயங்கித் தயங்கி நின்றதில் வரி செலுத்தியவர்கள் அநேகமாக எல்லாரும் மாண்டபின்பே மன்னிப்பு வந்தது. நமக்கும் நாள் அதிகமில்லை. தேவ்லிக்குத் தாயின் இடுப்பில் போன குழந்தைகளுக்கே இப்பொழுது அறுபது வயது கடந்துவிட்டது.